அண்மைப் பிரபஞ்சத்தின் வரைபடத்தை விரிதாளில் நாமே வரைவது எப்படி

1986-ஆம் ஆண்டில் வலெரி த லப்பரான், மார்கரெட் கெல்லர், ஜான் ஹூக்ரா ஆகிய மூவரும் ஒரு விசிறி வடிவப் படத்தை வெளியிட்டனர். விசிறியின் காம்பு முனையில் நாம் இருக்கிறோம். விரிந்த பரப்பில் ஏறத்தாழ ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் கோடிக்கணக்கான விண்மீன்களைக் கொண்ட ஒரு பேரடை, அதாவது கேலக்ஸி. புள்ளிகள் தூவிய மணல்போலச் சீராகப் பரவியிருக்கும் என்பதே அன்று பலருடைய எதிர்பார்ப்பு. படத்திலோ அவை சோப்பு நுரையின் சவ்வுகளைப் போல மெல்லிய ஏடுகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஏடுகளுக்கு நடுவே பெரும் வெறுமைகள் கிடந்தன. நடுவில் கைகால்களை விரித்து நிற்கும் ஒரு குச்சி மனிதனின் உருவமும் தெரிந்தது.

அந்தப் படத்தை இன்று எவரும் தம் வீட்டுக் கணினியில் வரைந்துவிடலாம். தேவையான அளவீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எக்செல் அல்லது லிப்ரே ஆபிஸ் போன்ற விரிதாள் செயலியும் பதினோராம் வகுப்பு முக்கோணவியலும் போதும். வரைவது எளிது, வரைந்ததைப் படிப்பதுதான் கடினம் என்பதே இதில் சில மாதங்கள் செலவிட்டபின் நான் கண்டது. படத்தில் கண்ணைப் பறிக்கும் உருவங்களில் ஒரு பகுதி பிரபஞ்சத்துக்குச் சொந்தம். மறுபகுதி நாம் பார்க்கும் இடத்தாலும் அளக்கும் முறையாலும் விளைந்தவை. ஆகவே வரையும் முறையோடு, எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்லிச் செல்கிறேன்.

தரவைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முயற்சிக்கு மிகவும் ஏற்றது, ஜான் ஹூக்ராவும் அவருடைய குழுவினரும் தொகுத்து 2012-இல் வெளியான டூமாஸ் (2MASS) செம்பெயர்ச்சி அளவாய்வு. அதில் 43,533 பேரடைகளின் செம்பெயர்ச்சிகள், அதாவது அவற்றின் ஒளி சிவப்புப் பக்கமாக நகர்ந்த அளவுகள், உள்ளன. வானத்தின் 91 விழுக்காட்டை அது தழுவுகிறது. இதைவிடப் பல மடங்கு பெரிய அளவாய்வுகள் பின்னர் வந்திருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை வானத்தின் சில பகுதிகளை மட்டும் ஆழமாகத் தோண்டுகின்றன. நம் அண்டை வெளியை எல்லாத் திசைகளிலும் ஒரே அளவுகோலால் பார்க்க வேண்டுமானால் இதுவே பொருத்தமானது. மேலும் இந்தப் பட்டியலில் உள்ள பேரடைகள் 2.16 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில், கே அலைப்பட்டை என்று வானியலாளர் அழைக்கும் பகுதியில், தேர்ந்தெடுக்கப்பட்டவை. அந்த ஒளியை நம் பால்வழியின் தூசு அவ்வளவாக மறைப்பதில்லை.

பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்திலுள்ள வானியல் தரவு மையம் நடத்தும் விசியேர் (VizieR) என்னும் இணையச் சேவையில் இந்தப் பட்டியலைத் தேடிப் பதிவிறக்கலாம். பல நெடுவரிசைகள் இருக்கும். நமக்கு ஆறு போதும்: வல ஏற்றம், நடுவரை விலக்கம், பால்வழி நெடுக்கை, பால்வழி அகலாங்கு, கே பொலிவெண், வேகம். முதல் இரண்டும் பூமியின் நிலநிரைக்கோடு, நிலநேர்க்கோடு போன்றவை, வானத்தில் வரையப்பட்டவை என்பதுதான் வேறுபாடு. அடுத்த இரண்டும் அதே போன்றவை, ஆனால் பால்வழித் தட்டை நடுவரையாகக் கொண்டவை. பொலிவெண் என்பது தோன்றும் ஒளியின் அளவு; எண் குறையக்குறைய ஒளி மிகும். வல ஏற்றம் மணிக்கணக்கில் இருந்தால் 15-ஆல் பெருக்கிப் பாகையாக்கிக் கொள்ளவும். வேகக் கட்டம் காலியாக இருக்கும் வரிசைகளை முதலிலேயே நீக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் விரிதாள் அவற்றைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு, அத்தனை பேரடைகளையும் நம் தலைமேல் கொண்டுவந்து கொட்டிவிடும்.

வேகம் எப்படித் தூரமாகிறது

பட்டியலில் தூரம் என்று ஒரு நெடுவரிசை இல்லாதது புதிதாக வருபவரைக் குழப்பும். அங்கே இருப்பது பேரடை நம்மைவிட்டு விலகும் வேகம் மட்டுமே. அது எப்படிக் கிடைக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். ஹைட்ரஜன் வாயு உமிழும் சிவப்பு வரி ஒன்று ஆய்வுக்கூடத்தில் 656.3 நானோமீட்டரில் விழுகிறது. கோமா என்னும் பேரடைக் கொத்திலுள்ள ஒரு சராசரிப் பேரடையின் நிறமாலையில் அதே வரி ஏறத்தாழ 671.46 நானோமீட்டரில் தென்படும். வரி நகர்ந்த அளவை அதன் இயல்பான நீளத்தால் வகுத்தால் 0.0231 வருகிறது, இதுவே செம்பெயர்ச்சி. அதை ஒளியின் வேகமான நொடிக்கு 2,99,792 கிலோமீட்டரால் பெருக்கினால் நொடிக்கு ஏறத்தாழ 6,925 கிலோமீட்டர் என்ற வேகம் கிடைக்கிறது.

பிரபஞ்சம் விரிவதால், தொலைவிலுள்ள பேரடை அதற்கேற்ற வேகத்தில் விலகுகிறது. வேகத்தை, விரிவின் வீதமான ஹபிள் மாறிலியால் வகுத்தால் தூரம் மெகாபார்செக்கில் (ஒன்று 32.6 லட்சம் ஒளியாண்டு) வந்துவிடும். அந்த மாறிலியின் மதிப்பு 67-ஆ 73-ஆ என்ற வழக்கு இன்னும் தீரவில்லை என்பதால், நடுவாக 70 என்று வைத்துக்கொள்வோம். கோமாவுக்கு 6,925-ஐ 70-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 99 மெகாபார்செக், அதாவது சுமார் 32 கோடி ஒளியாண்டுகள். ஆயினும் வரைபடத்தின் அச்சுகளில் தூரத்தை எழுதாமல், வேகத்தையே நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறிப்பதையே நான் பரிந்துரைப்பேன். நாம் அளந்தது அதைத்தான். மாறிலி மாறினாலும் படம் மாறாது.

விசிறிப் படம்

முதல் படமாக அந்த 1986-ஆம் ஆண்டுத் துண்டையே எடுத்துக்கொள்வோம். நடுவரை விலக்கம் 26.5 முதல் 32.5 பாகை வரையிலும், வல ஏற்றம் 120 முதல் 255 பாகை வரையிலும், வேகம் 15,000 வரையிலும் உள்ள வரிசைகளை மட்டும் வடிகட்டவும். 6 பாகை தடிமனும் 135 பாகை விரிவும் கொண்ட இந்தத் துண்டின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர பாகை. நம் பட்டியலில் ஒரு சதுர பாகைக்குச் சராசரியாக ஒரு பேரடைக்குச் சற்று மேல் இருப்பதால், சில நூறு முதல் ஆயிரம் வரையிலான வரிசைகள் மிஞ்ச வேண்டும். பத்தோ பதினாயிரமோ மிஞ்சினால் வடிகட்டியில் பிழை இருக்கிறது.

துண்டின் நடுக்கோடு 187.5 பாகையில் இருக்கிறது. எனவே ஒவ்வொரு பேரடையின் வல ஏற்றத்திலிருந்தும் 187.5-ஐக் கழித்து, அதைக் கோணம் என்ற புதிய நெடுவரிசையில் வைக்கவும். பின்னர்:

கிடை அளவு = − வேகம் × சைன்(கோணம்)
குத்து அளவு = வேகம் × கொசைன்(கோணம்)

கிடை அளவில் வரும் கழித்தல் குறி பிழையன்று. வானத்தை உள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும்போது வல ஏற்றம் இடப்பக்கமாகக் கூடிச் செல்வதால் அது வேண்டும். நடுவரை விலக்கத்தை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. துண்டு மெல்லியது என்பதால் விசிறியை அப்படியே தட்டையாக விரித்து வைக்கிறோம்.

ஓர் எச்சரிக்கை. விரிதாளின் சைன், கொசைன் சார்புகள் கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கின்றன. பாகையை ரேடியனாக்கும் சார்பை உள்ளே போட்டுப் பெருக்க வேண்டும். முதன்முறை நான் இதை மறந்து, புள்ளிகள் நான்கு பக்கமும் சீராகச் சிதறிய ஒரு வட்டத்தைப் பெற்று, பிரபஞ்சம் எவ்வளவு ஒருபடித்தானது என்று ஒரு மாலை முழுவதும் வியந்துகொண்டிருந்தேன். இத்தகைய வியப்பைத் தவிர்க்க, விடை தெரிந்த ஒரு வரிசையை முதலில் சோதித்துக் கொள்ளுங்கள்: கோமா கொத்தின் மையத்துக்கு வல ஏற்றம் 194.95 பாகை, வேகம் 6,925 என்று கொடுத்தால், கிடை அளவு −898, குத்து அளவு 6,867 என வர வேண்டும்.

இனிச் சிதறல் படம் வரையலாம். புள்ளியின் அளவை மிகச் சிறிதாக்கி, இணைக்கும் கோடுகளை நீக்கிவிடவும். இரண்டு அச்சுகளின் அளவுத்திட்டமும் ஒன்றாக இருப்பதை அளவுகோலை வைத்தே சரிபார்க்க வேண்டும், ஏனெனில் செயலி தன் விருப்பத்துக்குப் படத்தை அகலமாக இழுத்துவிட்டால் வட்டமான வெறுமைகள் எல்லாம் முட்டை வடிவமாகி, இல்லாத அமைப்பை இருப்பதாகக் காட்டும்.

எல்லாம் சரியாக இருந்தால், பனையோலை விசிறியை விரித்துப் பிடித்ததுபோன்ற பரப்பில் குச்சி மனிதன் எழுந்து நிற்பான். அவன் இடுப்பையொட்டி இருபுறமும் நீளும் அடர்ந்த பட்டையை 1989-இல் கெல்லரும் ஹூக்ராவும் பெருஞ்சுவர் என்று அறிவித்தனர். அதன் நீளம் குறைந்தது 50 கோடி ஒளியாண்டுகள்; தடிமனோ அதில் மிகச் சிறு பங்கு. சுவருக்கு முன்னும் பின்னும் கிடக்கும் வெறுமைகளின் குறுக்களவை உங்கள் படத்திலேயே அளந்து பாருங்கள்; நொடிக்கு 2,500 முதல் 5,000 கிலோமீட்டர் வரை வரும். 70-ஆல் வகுத்து மெகாபார்செக்காக்கி 3.26-ஆல் பெருக்கினால், அது பத்து இருபது கோடி ஒளியாண்டுகள் என்று தெரியும்.

குச்சி மனிதனின் உடம்பு

இப்போது குச்சி மனிதனின் முண்டத்தை உற்றுப் பாருங்கள். கோமா கொத்தின் பேரடைகள் ஏறத்தாழ 5,000 முதல் 9,000 வரை, நம்மை நோக்கி நேராக நீட்டிய ஒரு விரலைப்போல அடுக்கியிருக்கும். இந்த நீளத்தை மேற்சொன்ன முறையில் தூரமாக்கினால் 57 மெகாபார்செக், அதாவது 18 கோடி ஒளியாண்டுகளுக்கு மேல் வருகிறது. ஆனால் கோமா கொத்தின் உண்மையான குறுக்களவு இதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான்.

கொத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பேரடைகள் ஒன்றையொன்று ஈர்த்தபடி, தேனடையைச் சுற்றும் தேனீக்களைப்போல நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகங்களில் அங்குமிங்கும் விரைகின்றன. நம்மை நோக்கி வருபவற்றின் வேகம் பட்டியலில் குறைந்து பதிவாகிறது. விலகிச் செல்பவற்றின் வேகம் கூடிப் பதிவாகிறது. எல்லாவற்றையும் விரிவின் வேகம் என்றே எடுத்துக்கொள்ளும் நம் படம், உருண்டையான கொத்தைப் பார்வைக் கோட்டின் வழியே இழுத்து நீட்டிவிடுகிறது. வானியலாளர்கள் இதைக் கடவுளின் விரல் என்பர். எல்லா விரல்களும் ஒரே இடத்தை, அதாவது நம்மை, சுட்டுவதே இது பிரபஞ்சத்தின் அமைப்பன்று என்பதற்குப் போதிய சான்று. ஆக, குச்சி மனிதனின் உடம்பு பொய். கைகள் பெருமளவுக்கு மெய்.

பெருமளவுக்கு என்று சொல்லக் காரணம் உண்டு. மீக்கொத்துகளை, அதாவது கொத்துகளின் பெருங்கூட்டங்களைப்போன்ற பெரிய அளவில் இதற்கு நேர் எதிரான விளைவு நேர்கிறது. சுவரின் முன்புறத்திலுள்ள பேரடைகள் சுவரை நோக்கி, அதாவது நம்மைவிட்டு அப்பால், விழுகின்றன. பின்புறத்திலுள்ளவை நம் பக்கமாக விழுகின்றன. இதனால் சுவர் உள்ளதைவிடச் சற்று மெலிந்தும் கூர்மையாகவும் தெரிகிறது. 1987-இல் நிக் கைசர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

தொலைவில் ஏன் புள்ளிகள் குறைகின்றன

விசிறியின் விளிம்புக்குப் போகப்போகப் புள்ளிகள் அருகிவிடுவதைக் கண்டு, பிரபஞ்சம் அங்கே முடிகிறது என்று எவரும் நினைக்கமாட்டார். ஆனால் 12,000-க்கு அப்பால் தெரியும் வெற்றிடங்களை வெறுமைகள் என்று குறிக்கும் தவறு எளிதில் நேரும். நம் பட்டியல் கே பொலிவெண் 11.75-ஐவிட ஒளிமிக்க பேரடைகளை மட்டுமே கொண்டது. அருகில் மின்மினியும் தெரியும். தொலைவில் பெருவிளக்கு மட்டுமே தெரியும்.

இதற்கு மாற்று, எல்லாத் தொலைவிலும் தெரியக்கூடிய அளவுக்கு இயல்பிலேயே ஒளிமிக்க பேரடைகளை மட்டும் வைத்துக்கொள்வதாகும். இயல்பான ஒளியைக் காட்டும் தனிப் பொலிவெண் என்ற நெடுவரிசையைச் சேர்க்கவும்: கே பொலிவெண்ணிலிருந்து, மெகாபார்செக்கிலுள்ள தூரத்தினுடைய பத்தடிமான மடக்கையின் 5 மடங்கைக் கழித்து, மேலும் 25-ஐக் கழிக்க வேண்டும். 10,000 கிலோமீட்டர் வேகத்தில் தூரம் 143 மெகாபார்செக்; அங்கே 11.75 என்ற எல்லை, தனிப் பொலிவெண் −24.0 ஆகிறது. ஆகவே வேகம் 10,000-க்குள்ளும் தனிப் பொலிவெண் −24.0 அல்லது அதைவிட ஒளிமிக்கதாகவும் உள்ளவற்றை மட்டும் வரைந்தால், அருகும் தொலைவும் ஒரே தராசில் நிற்கும். புள்ளிகள் வெகுவாகக் குறைந்து படம் ஏழ்மையாகத்தான் தெரியும். 6,000 வரை போதும் என்றால் எல்லையை −22.9 ஆக்கிச் சற்றுக் கூடுதலான புள்ளிகளைப் பெறலாம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் நிலைத்து நிற்கும் வெறுமைகளை மட்டுமே நம்புவது என் வழக்கம்.

மீப்பேரடைத் தளத்தில் பார்த்தல்

விசிறி ஒரு துண்டைத்தான் காட்டுகிறது. நம் சுற்றுப்புறம் முழுவதையும் மேலிருந்து பார்க்க வேறொரு சட்டகம் வேண்டும். அண்மைப் பேரடைகள் பெரும்பாலும் ஒரு தட்டையான அடுக்கில் கிடப்பதை 1953-இல் ஜெரார் தெ வோக்கூலர் எடுத்துக்காட்டினார். மீப்பேரடைத் தளம் எனப்படும் அந்த அடுக்கையே தரையாகக் கொண்ட ஆயத்தொலைவு முறைதான் இன்றும் வழக்கிலுள்ளது. அதன் வடமுனை, பால்வழி நெடுக்கை 47.37 பாகையிலும் அகலாங்கு 6.32 பாகையிலும் உள்ளது. மாற்றும் கணக்கை மூன்று இடைநிலை நெடுவரிசைகளாகப் பிரித்தால் பிழை குறையும்:

அ = கொசைன்(அகலாங்கு) × கொசைன்(நெடுக்கை − 137.37)
ஆ = கொசைன்(அகலாங்கு) × கொசைன்(நெடுக்கை − 47.37)
இ = சைன்(அகலாங்கு)

இவற்றிலிருந்து:

முதல் அச்சு = வேகம் × அ
இரண்டாம் அச்சு = வேகம் × (0.9939 × இ − 0.1101 × ஆ)
மூன்றாம் அச்சு = வேகம் × (0.9939 × ஆ + 0.1101 × இ)

சோதனைக்கு, கன்னிக் கொத்தின் நடுவிலுள்ள எம்87 பேரடையின் நெடுக்கை 283.8, அகலாங்கு 74.5 என்று கொடுத்து, வேகத்தை 1 என்று வைத்தால், −0.22, 0.97, −0.04 என்ற மூன்று எண்களும் வர வேண்டும். மூன்றாவது எண் சுழியத்தை ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். கன்னிக் கொத்து அந்தத் தளத்திலேயே கிடக்கிறது.

இப்போது மூன்றாம் அச்சு −1,500 முதல் +1,500 வரையிலும், வேகம் 8,000 வரையிலும் உள்ளவற்றை வடிகட்டி, முதல் அச்சைக் கிடையாகவும் இரண்டாம் அச்சைக் குத்தாகவும் வைத்து வரையவும். நடுவில் நாம். நேர் மேலே ஆயிரத்தை ஒட்டிக் கன்னிக் கொத்து. அதே திசையில் மேலும் தொலைவில், 6,900-ஐ ஒட்டிக் கோமா. இடப்பக்கம் −3,000 அளவில் சென்டாரஸ் கொத்து. வலப்பக்கம் 5,000-ஐ ஒட்டிப் பெர்சியஸ் கொத்தும் அதைத் தொடரும் மீன ராசித் திசையிலுள்ள நீண்ட இழையும். இந்த நான்கையும் அச்சிட்ட தாளில் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டால், மற்ற இடங்கள் தாமாகப் பிடிபடும்.

கிடை அச்சை ஒட்டி இருபுறமும் புள்ளிகளற்ற ஒரு கூம்பு தெரியும். அதை வெறுமை என்று குறித்துவிடாதீர்கள். மீப்பேரடைத் தளம் நம் பால்வழித் தட்டுக்கு ஏறத்தாழச் செங்குத்தாக இருப்பதால், பால்வழியின் தூசும் நெரிசலான விண்மீன்களும் மறைக்கும் பகுதி இந்தப் படத்தில் அப்படி விழுகிறது. பட்டியல் விட்டுவைத்த 9 விழுக்காடு வானம் பெரும்பாலும் இதுவே. துரதிர்ஷ்டவசமாக, 1980-களில் பேரடைகளின் ஓட்டத்திலிருந்து கண்டுணரப்பட்ட பேரீர்ப்பான், அதாவது பேரடைகளைத் தன்பால் இழுக்கும் பெரும் நிறைத்திரள், இந்தக் கூம்பின் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதன் நடுவை ஒட்டியுள்ள நார்மா கொத்து −4,700 அளவில், மறைப்பின் விளிம்பில் தென்படும்.

3,000-க்குள் உள்ள பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்க விரும்புவோர் இரண்டு திருத்தங்களைச் செய்ய வேண்டும். முதலாவது, சூரியன் பால்வழியைச் சுற்றும் வேகத்தை நீக்குவது: வேகத்தோடு 300 × சைன்(நெடுக்கை) × கொசைன்(அகலாங்கு) என்பதைக் கூட்டினால் போதும். இரண்டாவது, கன்னிக் கொத்து தொடர்பானது. அதன் உறுப்பினரான எம்86 நொடிக்கு 244 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. கழித்தல் வேகத்தை அப்படியே கணக்கில் போட்டால் அந்தப் பேரடை வானத்தின் எதிர்ப்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கன்னிக் கொத்தின் உறுப்பினர்களை மட்டும் வேகத்தை விட்டுவிட்டு, அறியப்பட்ட தூரமான 16.5 மெகாபார்செக்கில், அதாவது 1,155 என்ற அளவில், வைத்துவிடுவதே வழி.

இந்தத் திருத்தங்களுக்குப் பின், கிடையாக இரண்டாம் அச்சையும் குத்தாக மூன்றாம் அச்சையும் வைத்து ஒருமுறை வரைந்து பாருங்கள். நம் தளம் பக்கவாட்டில் ஒரு கோடாகத் தெரியும். அதன் மேற்புறம், நம் வாசலிலிருந்தே, வெறிச்சோடிக் கிடக்கும். ப்ரென்ட் டல்லியும் ரிச்சர்ட் ஃபிஷரும் 1987-இல் பெயரிட்ட உள்ளூர் வெறுமை அது. அதன் ஒரு பகுதி தூசு மறைப்பில் இருந்தாலும், அந்த வெறுமை உண்மையானதே. நம் பால்வழி அதிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறது.

படத்தில் நம் பால்வழி அடங்கிய மீக்கொத்தான லானியாக்கியாவின் எல்லையைக் குறிக்க வேண்டும் என்ற ஆசை இந்தக் கட்டத்தில் எவருக்கும் வரும். 2014-இல் டல்லியும் உடன் ஆய்ந்தவர்களும் வரையறுத்த, 160 மெகாபார்செக் குறுக்களவுள்ள அந்த மீக்கொத்தின் எல்லையைப் புள்ளிகளைப் பார்த்து வரைய முடியாது. மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வைத்து ஆற்றுப்படுகையைப் பிரிப்பதுபோல, பேரடைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை வைத்து அந்த எல்லை பிரிக்கப்பட்டது. அதற்கு வேகத்தோடு, தனியே அளந்த தூரங்களும் வேண்டும். அவர்கள் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பேரடைகளின் தூரங்களைக் கொண்டு அதைச் செய்தனர். நம் பட்டியலில் அவை இல்லை.

படத்தைச் சேமிக்கும் முன் அதன் அடியில் ஐந்து விவரங்களை எழுதிவிடுங்கள்: எந்தப் பட்டியல், துண்டின் தடிமன், பொலிவெண் எல்லை, வேகம் சூரியனைச் சார்ந்ததா திருத்தப்பட்டதா, தூரம் குறித்திருந்தால் ஹபிள் மாறிலியாக எடுத்த எண். இவை இல்லாத என்னுடைய பழைய படங்கள் நாலைந்து இன்னும் கணினியில் கிடக்கின்றன. அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் எதை வரைந்தேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.